சுண்ணாம்பில் எழுந்த கோத்திக்: செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தின் கட்டட வரலாறு

சிங்கப்பூரில் தமிழர் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம்மில் பலருடைய பேனா நேராக சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகும். அங்கிருந்து பக்கத்திலேயே உள்ள ஜாமியா சூலியா பள்ளிவாசலுக்கும், பிறகு சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலுக்கும் வரும். இதில் தவறில்லை. அவை நம்மவர் எழுப்பியவை. நம்மவர் இன்றும் வழிபடும் இடங்கள். ஆனால் சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் புல்வெளி நடுவே வெள்ளை வெளேரென்று நிற்கிறதே செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், அதை அந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. அது ஆங்கிலேயரின் ஆலயம், ஆங்கிலேய பாணி, நமக்கும் அதற்கும் என்ன என்று கடந்துவிடுகிறோம்.

அந்த ஆலயத்தின் சுவர்ப் பூச்சுக்குப் பெயர் 'மெட்ராஸ் சுனாம்', அதாவது சென்னைச் சுண்ணம். அதைப் பூசியவர்கள் தீவாந்தர தண்டனை பெற்று இங்கே கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள். வடிவம் இங்கிலாந்தின் இடைக்காலத்தைச் சேர்ந்தது. உடம்போ சோழமண்டலக் கரையின் தொழில்நுட்பம். இந்த இரண்டும் எப்படி ஒன்றுசேர்ந்தன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கட்டடக்கலை மாணவர்களுக்கு இதில் சில பகுதிகள் தெரிந்தவையாக இருக்கலாம். மற்றவர்களுக்காக அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

கிராமத்து ஆலயத்தின் அமைப்பு

இடைக்கால இங்கிலாந்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் அல்லது சில கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு பங்கு ஆலயம் இருந்தது. அதன் அமைப்பு நம் கோயில் அமைப்பைத் தெரிந்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் புனிதப் பகுதி. அது குருவானவருக்கு உரியது. அதற்கு மேற்கே மக்கள் நிற்கும் நீண்ட நடுக்கூடம். இரண்டுக்கும் நடுவே மரத்தாலான ஒரு தடுப்பு. கருவறை, மகா மண்டபம் என்ற நம்முடைய பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பெருகும்போது நடுக்கூடத்தின் இருபுறமும் பக்கக்கூடங்கள் சேர்ப்பார்கள். மேற்குக் கோடியில் மணிக்கோபுரம். புனிதப் பகுதியைப் பழுதுபார்ப்பது குருவின் பொறுப்பு, நடுக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது ஊர்மக்கள் பொறுப்பு என்ற வழக்கமும் அங்கே உண்டு. ஆகவே ஒரே ஆலயத்தில் ஒரு பாதி செழிப்பாகவும் மறுபாதி எளிமையாகவும் இருப்பதைக் காணலாம். எந்த ஊரில் யார் கையில் பணம் இருந்தது என்பதைக் கல்லே சொல்லிவிடும்!

இந்த ஆலயங்கள் ஒரே மூச்சில் கட்டப்பட்டவை அல்ல. 12ஆம் நூற்றாண்டில் ஓர் அரைவட்ட வளைவு வாசல், 13ஆம் நூற்றாண்டில் ஒடுங்கி உயர்ந்த கூர்முனைச் சன்னல்கள், அதற்கடுத்த நூற்றாண்டில் கல்லில் பின்னல் வேலை செய்த அகன்ற சன்னல் என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே வந்தவை. கட்டடக்கலை வரலாறு படிப்பவர்கள் வளைவின் வடிவத்தைப் பார்த்தே காலத்தைக் கணிப்பார்கள். நாம் தூணின் போதிகையைப் பார்த்துச் சோழர் காலமா, நாயக்கர் காலமா என்று சொல்வதைப் போலத்தான்.

கூர்வளைவு ஏன் அவ்வளவு முக்கியம்? நம் கற்கோயில்களில் தூண்களின் மேல் உத்தரக்கல்லைப் படுக்கவைக்கிறோம். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. எனவே இரண்டு தூண்களுக்கு நடுவே அதிக இடைவெளி விட முடியாது. ஆயிரங்கால் மண்டபத்தில் அத்தனை கால்கள் நிற்பதற்கு அழகு மட்டும் காரணமன்று. வளைவு இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பாரத்தை இருபுறமும் தள்ளிவிடுகிறது. ஆனால் அரைவட்ட வளைவின் உயரம் அதன் அகலத்தில் சரிபாதிதான்; அதை மாற்ற முடியாது. இரண்டு வில்களைச் சாய்த்து உச்சியில் சேர்த்தால் கிடைக்கும் கூர்வளைவில் அகலம் எதுவானாலும் உயரத்தை நாமே முடிவு செய்யலாம். பக்கவாட்டில் தள்ளும் விசையும் குறைகிறது. மிச்சமுள்ள விசையை வெளியே நிற்கும் உதைசுவர்கள் வாங்கிக்கொள்கின்றன. சுவர் பாரம் சுமக்கும் வேலையிலிருந்து ஓரளவு விடுபட்டதால் அதில் பெரிய சன்னல்களைத் திறக்க முடிந்தது. வெளிச்சம் குறைந்த வட ஐரோப்பாவுக்கு அது பெரிய வரம். இதைத்தான் கோத்திக் பாணி என்கிறோம்.

இந்தப் பாணி 16ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதை மீண்டும் உயிர்ப்பித்தவர்களில் முக்கியமானவர்கள் யார் தெரியுமா? பல்கலைக்கழக மாணவர்கள்! 1839ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜான் மேசன் நீல், பெஞ்சமின் வெப் முதலிய மாணவர்கள் கூடி 'கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் பழைய கிராமத்து ஆலயங்களை அளந்தார்கள். 1841 முதல் ஓர் இதழும் நடத்தினார்கள். கிரேக்கக் கோயில் போன்ற தூண் முகப்புகள் கிறிஸ்தவ ஆலயத்துக்குப் பொருந்தா. 13, 14ஆம் நூற்றாண்டுக் கிராமத்து ஆலயமே சரியான மாதிரி என்று வாதிட்டார்கள். மாணவர் சங்கம் என்றால் ஆண்டுவிழாவும் சிற்றுண்டியும்தான் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

அவர்களுடைய கருத்து கடல் கடந்தது. கேம்பிரிட்ஜ் அருகே லாங்ஸ்டாண்டன் என்ற சிற்றூரில் உள்ள 13ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் அளவுகளைக் கொண்டு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1840களில் ஓர் ஆலயம் எழுந்தது. பம்பாய் கொலாபாவில் 'ஆப்கான் சர்ச்' எனப்படும் கோத்திக் ஆலயம் 1858இல் திறக்கப்பட்டது. வெயில் கொளுத்தும் நாடுகளில் கூர்வளைவுப் பாணியை எப்படி மாற்றியமைப்பது என்று வெப் 1845இல் தனிக் கட்டுரையே எழுதினார். சிங்கப்பூர் ஆலயம் எழுந்தது இந்த அலையின் காலத்தில்தான்.

இடி விழுந்த முதல் ஆலயம்

இப்போது நாம் பார்க்கும் கட்டடம் அந்த இடத்தில் இரண்டாவது. முதல் ஆலயத்தை 1835, 1836ஆம் ஆண்டுகளில் கட்டியவர் ஜார்ஜ் கோல்மன். பழைய நாடாளுமன்றக் கட்டடம், ஆர்மீனியர் ஆலயம் ஆகியவையும் அவர் வடிவமைத்தவைதாம். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பழித்த அதே தூண் முகப்புப் பாணி. ஆலயம் மாதிரியே இல்லை, நகர மண்டபம் மாதிரி இருக்கிறது என்ற குறை எழவே, 1842இல் ஜான் டர்ன்புல் தாம்சன் அதன் மேல் ஒரு கூம்புக் கோபுரத்தை ஏற்றினார். அந்தக் கோபுரத்துக்கு இடிதாங்கி இல்லை. 1845இல் ஒரு முறை, 1849இல் மறுமுறை இடி விழுந்தது. 1852இல் ஆலயம் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டது, 1855இல் இடிக்கப்பட்டது.

மூடிக்கிடந்த காலத்தில் ஒரு விபரீதமான வதந்தி கிளம்பியது. ஆலயத்துக்குள் கெட்ட ஆவிகள் புகுந்துவிட்டதாகவும், அவற்றைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டும் என்பதால் இரவில் தனியாகப் போகிறவர்களின் தலையை வெட்டும்படி அரசாங்கம் கைதிகளுக்கு உத்தரவிட்டிருப்பதாகவும் 1853இல் ஊரெங்கும் பேச்சு. இருட்டிய பிறகு மக்கள் வெளியே வர அஞ்சினார்கள். ஆளுநர் அறிக்கை விட்டு, வதந்தி பரப்புவோரைப் பிடித்துக்கொடுத்தால் வெகுமதி என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் நரபலி என்று கிளம்பும் கதைகளை நம் ஊர்ப் பக்கமும் கேட்டிருக்கிறோம். இந்த வதந்தியில் தலைவெட்டிகளாகக் காட்டப்பட்டவர்கள் கைதிகள் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றே ஆண்டுகளில் அதே இடத்தில் புதிய ஆலயத்துக்குச் செங்கல் அடுக்கியவர்களும் கைதிகள்தாம்.

மெக்பர்சனும் இளைத்த கோபுரமும்

புதிய ஆலயத்தின் அடிக்கல்லை 1856 மார்ச்சில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் நாட்டினார். வடிவமைத்தவர் ரொனால்ட் மெக்பர்சன். இவர் கட்டடக் கலைஞர் அல்லர்; சென்னை மாகாணப் பீரங்கிப் படையின் அதிகாரி. சிங்கப்பூரில் நிர்வாகப் பொறியாளராகவும் கைதிகளின் கண்காணிப்பாளராகவும் இருந்தார். வரைபடமும் ஆள்பலமும் ஒருவர் கையில் இருந்தன என்பது முக்கியம்.

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் 1239இல் நிறுவப்பட்ட நெட்லி என்ற துறவியர் மடத்தின் ஆலயம் இதற்கு மாதிரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் செய்தி. 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது மூடப்பட்டுப் பிற்காலத்தில் பாழடைந்த அந்த இடத்துக்கு ஓவியர்களும் கவிஞர்களும் சுற்றுலாவாகப் போவது வழக்கமாக இருந்தது. பாழடைந்த ஒன்றைப் பார்த்துப் புத்தம் புதியதைக் கட்டியிருக்கிறார்கள்! ஒடுங்கி உயர்ந்த கூர்முனைச் சன்னல்கள் அங்கிருந்து வந்தவை. மேற்கே கோபுரம், கிழக்கே பலிபீடம், நடுவே நீண்ட கூடம், இருபுறமும் பக்கக்கூடம் என்ற அமைப்பு நாம் மேலே பார்த்த கிராமத்து ஆலயத்தின் அமைப்புத்தான்; அளவுதான் பெரிது. 1870இல் பேராலயமாக உயர்த்தப்படும் வரை இது இந்தக் குடியேற்றத்தின் பங்கு ஆலயமாகவே இருந்தது.

மெக்பர்சன் மனத்தில் இருந்தது கனமான சதுரக் கோபுரம். கட்டிக்கொண்டிருக்கும்போதே அடித்தளம் இறங்குவது தெரிந்தது. கடலோர மண்ணின் வேலை. இதற்கிடையில் மெக்பர்சன் மலாக்காவுக்கு மாற்றலாகிப் போனார். பொறுப்பு மெக்நேர் என்ற அதிகாரியிடம் வந்தது; இவரும் சென்னைப் பீரங்கிப் படைதான். பாரத்தைக் குறைப்பதற்காகக் கனமான கோபுரத் திட்டம் கைவிடப்பட்டு மெலிந்த கூம்புக் கோபுரம் எழுந்தது. இன்று நம் கண்ணை முதலில் இழுக்கும் அந்த ஒல்லியான உச்சி, அழகுக்காக மட்டும் அல்லாமல் மண்ணுக்குப் பணிந்தும் வந்தது.

இதே சிக்கலைச் சென்னையில் வேறு விதமாகத் தீர்த்திருக்கிறார்கள். எழும்பூரில் இதே பெயரில் ஓர் ஆலயம் உண்டு, செயிண்ட் ஆண்ட்ரூஸ் கர்க். அது 1821இல் திறக்கப்பட்டது. சேற்று நிலம் என்பதால் தாமஸ் டி ஹாவிலண்ட் என்ற பொறியாளர் கிணறு கிணறாக இறக்கி அவற்றின் மேல் அடித்தளம் அமைத்தார். அந்தக் கிணற்று முறையும் தென்னாட்டில் முன்பே வழக்கத்தில் இருந்ததுதான். வட்டமான அந்த ஆலயத்தின் உள்ளே நிற்கும் பளபளப்பான தூண்கள் சுண்ணப் பூச்சு.

சுண்ணத்தின் சேர்மானம்

இப்போது கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். இடைக்கால ஐரோப்பாவின் பேராலயங்களில் பெரும்பாலானவை வெட்டிய கல்லில் நிற்பவை. சிங்கப்பூரில் அப்படி எளிதாகச் செதுக்கக்கூடிய கல் இல்லை. புலாவ் உபினில் கிடைப்பது கருங்கல். அதில் நுணுக்கமான கோத்திக் விளிம்புகளைச் செதுக்கப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே செங்கல்லால் கட்டி மேலே பூசுவது என்று முடிவாயிற்று.

செங்கல்லும் சுண்ணாம்பும் என்றால் நாம் சிராங்கூன் சாலைக்கு வந்தாக வேண்டும். லிட்டில் இந்தியா என்ற பெயர் மிகவும் பிற்காலத்தது. பழைய தமிழர்கள் அந்த வட்டாரத்தை 'சுண்ணாம்புக் கம்பம்' என்றே அழைத்தார்கள். செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் அங்கே இருந்ததால் வந்த பெயர். கைதிகளைக் கொண்டு அரசாங்கம் நடத்திய செங்கல் சூளையும் சிராங்கூன் சாலைப் பக்கம்தான். அங்கே செய்த செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் வாங்கியது என்று மெக்நேர் பெருமையோடு எழுதியிருக்கிறார். இன்று தேக்காவில் மீன் வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூல் கைதிகளைப் பற்றியது. கைதிகளே கைதிகளுக்குக் காவலர் என்ற பொருளில் அதன் தலைப்பு அமைந்திருக்கும். ஆலயத்தின் உட்புறப் பூச்சுக்கான சேர்மானத்தை அதில் விளக்கியிருக்கிறார். மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதனுடன் முட்டை வெள்ளைக்கருவும் கருப்பட்டி போன்ற கச்சாச் சர்க்கரையும் சேர்த்துப் பசைபோல் அடிப்பார்கள். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரை ஊற்றிக் கலப்பார்கள். சுவரில் பூசிக் காய்ந்த பிறகு பளிங்குக் கல்லாலோ வழவழப்பான உருண்டைக் கல்லாலோ தேய்ப்பார்கள். அவ்வப்போது மாவுக்கல் பொடியைத் தூவி மீண்டும் தேய்ப்பார்கள். பளிங்கு போன்ற மினுமினுப்பு வரும்வரை இது நடக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இந்தச் சேர்மானத்தில் பாதியைச் சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டில் கோயில், அரண்மனை வேலைகளில் கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைச் சுண்ணாம்பில் கலப்பது பழைய வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்கள் இன்றும் கண்ணாடிபோல் இருப்பதற்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சே காரணம். நம் கோபுரங்களில் நிற்கும் சுதைச் சிற்பங்களும் சுண்ணாம்பு வேலையே. சுண்ணம் என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் 'சுனாம்' ஆனது. 'சூர்ணம்' என்ற வடசொல்லே இதற்கு வேர் என்பர்.

இதில் உள்ள அறிவியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சூளையில் சுட்டால் கரிவளி வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறி நீற்றுச் சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக மாறும். அதாவது சுவரில் கல்லை ஒட்டவில்லை. சுவரிலேயே கல்லை விளைவிக்கிறார்கள். சர்க்கரை இறுகும் வேகத்தைத் தணிக்கிறது. ஆகவே நிதானமாகத் தேய்க்க நேரம் கிடைக்கிறது. வெள்ளைக்கருவின் புரதம் பூச்சைப் பிணைத்து நீர் புகாமல் காக்க உதவுகிறது. மேலும், ஈரமான பூச்சில் அச்சுப் பலகையை இழுத்தால் வளைவின் விளிம்புகள், தூணின் வரிகள் எல்லாம் நேர்த்தியாக வந்துவிடும். இடைக்கால இங்கிலாந்தில் கல்தச்சர் உளியால் செய்ததை இங்கே கொத்தனார் அச்சால் செய்திருக்கிறார்.

சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் என்பார்கள் மரபுக் கட்டட வல்லுநர்கள். உள்ளே போன ஈரம் வெளியே வந்துவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துப் பூச்சு உதிரத் தொடங்கும். தமிழ்நாட்டில் திருப்பணி என்ற பெயரில் பழைய சுண்ணாம்பு வேலையின் மேல் சிமெண்டை அப்பியதன் விளைவைப் பல கோயில்களில் காணலாம். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலைக் கைவிட்டதில் நமக்கு ஏற்பட்ட நட்டம் அந்தக் கோயில் சுவர்களில்தான் பளிச்சென்று தெரிகிறது.

யார் கட்டியது?

ஆலயத்தில் முதல் வழிபாடு 1861 அக்டோபரில் நடந்தது. 1862 ஜனவரியில் கல்கத்தா பேராயர் ஜார்ஜ் காட்டன் வந்து அர்ப்பணம் செய்தார். கிழக்குக் கோடியில் மூன்று வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் மூன்று பேர் நினைவுக்கு உரியவை: ராஃபிள்ஸ், ஜான் கிராஃபர்ட், ஆளுநர் பட்டர்வொர்த். பழைய கண்ணாடிகள் இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிவிட, பிறகு புதியவை வைக்கப்பட்டன. மெக்பர்சனுக்கு ஆலய வளாகத்திலேயே ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. அவர் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது. முட்டையை உடைத்துச் சுண்ணாம்பை அடித்தவர்களில் ஒருவர் பெயர்கூட அந்தச் சன்னல்களில் இல்லை.

ஆகவே 'செயிண்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் தமிழர் கட்டியது' என்று எழுதிவிடலாமா? நம் மேடைகளில் இப்படிச் சொல்வதற்குக் கைதட்டல் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெங்கூலனிலிருந்து 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு முதலில் வந்த கைதிகள் 80 பேர். அவர்கள் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்த வாரமே வங்காளத்திலிருந்து நாடு கடத்தப்பட்ட 122 பேர் வந்தார்கள். பிற்பாடு பம்பாய் மாகாணத்தவரும் சேர்ந்தார்கள். சென்னை மாகாணம் என்றாலும் அது தமிழ்நாடு மட்டுமன்று. தெலுங்கரும் மலையாளிகளும் கன்னடரும் அதில் அடக்கம். 1850களில் ஆலயச் சாரத்தில் ஏறி நின்றவர்களில் தமிழர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை சொல்வது நேர்மையாகாது.

உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. பூச்சு சென்னைப் பூச்சு. பொறுப்பில் இருந்த இரண்டு அதிகாரிகளும் சென்னைப் படையிலிருந்து வந்தவர்கள். அங்கே இந்தப் பூச்சைப் பார்த்துப் பழகியவர்கள். சென்னையிலிருந்து வந்தவர்களும் கைதிகளிடையே இருந்தார்கள். இந்த அளவே போதும். ஊகத்தைச் சேர்த்தால் உறுதியானதும் நம்பிக்கை இழக்கும். 'இந்தியக் கைதிகள், சென்னைச் சுண்ணத்தால் கட்டியது' என்று எழுதுங்கள். அதைப் படித்து யாரும் மறுக்க முடியாது.

கைதிகள் என்ற சொல்லால் நாம் கூச்சப்படவும் வேண்டியதில்லை. கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, நன்னடத்தை உள்ளவர்களை மேல் வகுப்புக்கு உயர்த்தும் முறை இங்கே இருந்தது. மேல் வகுப்பினர் அனுமதிச் சீட்டுடன் வெளியே வேலை செய்து சம்பாதிக்கலாம். சிலர் மற்றக் கைதிகளுக்குக் காவலராகவே அமர்த்தப்பட்டார்கள். கொத்து வேலை, தச்சு வேலை, கொல்லு வேலை எல்லாம் சிறைக்குள்ளேயே கற்றுக்கொடுக்கப்பட்டன. இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானாவும் மெக்நேரின் கீழ் கைதிகள் உழைப்பில் 1869இல் முடிந்ததுதான். நீரிணைக் குடியேற்றங்கள் 1867இல் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்த பிறகு இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1873இல் மீதமிருந்த கைதிகள் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை பெற்றவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள்.

ஓஃபிர் சாலையில்

இதே நகரில் தமிழர்களுக்கென்றே எழுந்த கோத்திக் ஆலயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1888 வரை தமிழ்க் கத்தோலிக்கர்கள் குவீன் சாலையில் உள்ள தூய பேதுரு பவுல் ஆலயத்தைச் சீனக் கத்தோலிக்கர்களுடன் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். மெனுவ்ரியே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் முயற்சியில் ஓஃபிர் சாலையில் 1886இல் தொடங்கி 1888இல் நிறைவேறியது லூர்து மாதா ஆலயம். கிறிஸ்தவ சகோதரர் சபையைச் சேர்ந்த சகோதரர் லோத்தேர் வடிவமைத்தார். கட்டுமான விவரங்களை ஸ்வான் அண்ட் லெர்மிட் நிறுவனம் கவனித்தது. பின்னாளில் ஸ்வான் அண்ட் மெக்லாரன் ஆகி, ராஃபிள்ஸ் ஹோட்டலின் முதன்மைக் கட்டடத்தையும் சுல்தான் பள்ளிவாசலையும் வடிவமைத்த நிறுவனம் இதுதான்.

இதற்கு மாதிரி பிரான்சின் லூர்து நகரில் உள்ள பசிலிக்கா. அதுவும் பழையதன்று, 1871இல் திறக்கப்பட்டது. 13ஆம் நூற்றாண்டுப் பாணியை 19ஆம் நூற்றாண்டில் பின்பற்றியது. ஆக, ஓஃபிர் சாலை ஆலயம் நகலின் நகல். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. 2005இல் அது தேசிய நினைவுச்சின்னம் ஆனது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் 1973லேயே அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டது.

இரண்டையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம். முதலில் செயிண்ட் ஆண்ட்ரூஸ். உள்ளே போய் ஒரு தூணின் அருகில் நின்று, வளைவின் விளிம்பில் ஓடும் வரிகளைப் பாருங்கள். கல் என்றே தோன்றும். வழிபாட்டு நேரமாக இருந்தால் வெளியே காத்திருங்கள். அங்கிருந்து பிராஸ் பாசா வழியாக நடந்தால் பழைய கைதிச் சிறை இருந்த பகுதியைக் கடப்பீர்கள். விக்டோரியா தெரு வழியே இன்னும் சற்றுத் தூரம் போனால் ஓஃபிர் சாலை. முகப்பின் நடுவே ஒற்றைக் கூம்புக் கோபுரம், அதே கூர்முனைச் சன்னல்கள். அங்கே தமிழில் திருப்பலி இன்றும் நடக்கிறது. அதற்கு அப்பால் பத்து நிமிட நடையில் சுண்ணாம்புக் கம்பம்.